முன்வாங்கும் பின்வாங்கும்

யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் மாணவர் அமரும் நீண்ட மர ஆசனத்துக்கு 'வாங்கு' என்று பெயர். போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுச்சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. அவர்கள் கட்டிய கோட்டைகள் கைமாறின, இடிந்தன; இந்தச் சொல் மாத்திரம் இடியாமல் நம் வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது. கரும்பலகைக்கு அருகில் இருப்பது முன்வாங்கு. சுவரோடு ஒட்டிக்கிடப்பது பின்வாங்கு. 'அவன் பின்வாங்குப் பெடியன்' என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அப்பையனைப் பற்றி இனி எதுவும் சொல்லவேண்டியதில்லை என்பது கருத்து. அச்சொல்லையே வினைச்சொல்லாகக் கொண்டால் வேறொரு பொருள் பிறக்கிறது. பின்வாங்குவது யார், பையனா, பாடசாலையா என்பதையே நாம் ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

ஆண்டுதோறும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும், தெல்லிப்பழையிலும் அதன் அயலூர்களிலும் பாடசாலை மதில்களிலும் தனியார் கல்வி நிலையங்களின் வாயில்களிலும் பதாகைகள் தோன்றுகின்றன. பத்து வயதுக் குழந்தையின் முகம், கழுத்தில் கழுத்துப்பட்டி, முகத்துக்குக் கீழே பெற்ற புள்ளி, அதற்குக் கீழே கற்பித்தவரின் பெயர். இலக்கிய விமர்சகர்கள் நாவலையும் கவிதையையும் தராசில் ஏற்றுகிறார்கள். ஆனால் நம் நாட்டில் மிகப் பரந்த வாசகர் கூட்டத்தைப் பெற்ற எழுத்து இந்தப் பதாகைதான். அதையும் ஒரு படைப்பாகக் கொண்டு விமர்சிப்பதில் தவறில்லை என்பது நமது எண்ணம். அதில் கதாநாயகன் உண்டு, குரு உண்டு, வெற்றி உண்டு. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளை அதில் இல்லை. வினாத்தாளை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளை இல்லை. ஆசிரியர் பேசுவது செவிக்கு எட்டாத காரணத்தால் ஐந்து ஆண்டுகளாகத் தலையாட்டிக்கொண்டே இருந்த பிள்ளை இல்லை. அவர்களும் அதே வகுப்பில், அதே ஆசிரியரின் முன்னிலையில்தான் இருந்தார்கள்.

ஆசிரிய கலாசாலைகளிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் பயின்று வெளியேறும் நண்பர்களுக்கு மூன்று சொற்றொடர்கள் பழக்கமானவை: மீத்திறன் மாணவர், மெல்லக் கற்போர், விசேட தேவையுடையோர். பரீட்சைக்காகப் படித்த இம்மூன்றும் மூன்று அறைகளில் வைத்துப் பூட்டப்பட்டுவிடுகின்றன. வேறு நாடுகள் சிலவற்றில் நிலைமை இவ்வாறில்லை. அமெரிக்காவின் பொதுப் பாடசாலை மாவட்டங்கள் பலவற்றில், விசேட கல்வியையும் மீத்திறன் மாணவர்க்கான சேவைகளையும் ஒரே அலுவலகம் கவனிப்பதுண்டு. 1975இல் அந்நாடு இயற்றிய சட்டம், உடற்குறையோ உளக்குறையோ உடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஒரு கல்வித் திட்டம் எழுதப்படவேண்டும் என்று கட்டளையிட்டது. அமெரிக்காவை நாம் முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. செல்வரின் ஊரில் ஒரு பாடசாலையும் கறுப்பினத்தவரின் ஊரில் வேறொரு பாடசாலையும் நடத்தும் நாடு அது. எனினும் அந்த அலுவலக ஏற்பாட்டின் பின்னால் இருக்கும் கருத்து கவனிக்கத்தக்கது. விரைந்து கற்கும் பிள்ளையும் மெல்லக் கற்கும் பிள்ளையும் ஆசிரியரிடம் எழுப்பும் கேள்வி ஒன்றே: 'எனக்கு எவ்வாறு கற்பிப்பீர்?'

நம்மவர் அக்கேள்வியைக் கேட்பதில்லை. நம்மிடம் அதற்கு முன்னரே இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. ஒன்று வரம், மற்றது வினை. முன்வாங்குப் பிள்ளைக்கு மூளை வரம்; பின்வாங்குப் பிள்ளைக்குப் பழவினை, அல்லது நவீன மொழியில் சொன்னால் 'பரம்பரை'. இரண்டு விடைகளும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: கற்பிக்கும் பொறுப்பிலிருந்து பாடசாலையை விடுவிக்கின்றன.

இந்த மனப்பாங்கு நேற்று முளைத்ததன்று. உடற்குறைகளை அடுக்கி எண்ணும் பாட்டு புறநானூற்றிலேயே உண்டு. ஔவையின் பெயரால் வழங்கும் பிற்காலப் பாடலொன்று, குறையின்றிப் பிறப்பதைப் பெறுதற்கரிய பேறாக வரிசைப்படுத்துகிறது. மறுபுறத்தில் கண்ணில்லாத புலவரை வியந்து போற்றுவதிலும் நம்மவர் குறைவைக்கவில்லை. கண்ணில்லாத ஒருவரும் நடக்கமுடியாத ஒருவருமாக இணைந்து பாடிய இரட்டைப் புலவரை அறியாத தமிழாசிரியர் இலர். பதினேழாம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றிய கதையொன்று நமது சிந்தனைக்கு உரியது. பிறவியிலேயே பார்வையற்ற அவருக்கு, முதுகில் எழுத்துக்களை எழுதி எழுதிக் கல்வி புகட்டினார்கள் என்பது அக்கதை. அவர் ஈழத்துக்கு வந்து யாழ்ப்பாணத்து அரசனிடம் பரிசில் பெற்றதாகவும் சொல்வார்கள். கதை முழுவதும் மெய்யோ, யாம் அறியோம். ஆனால் அதைச் சொல்லும் பண்டிதர்கள் எவ்விடத்தில் குரலை உயர்த்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 'தெய்வப் புலமை' என்ற இடத்தில் உயர்த்துவார்கள். முதுகில் எழுதிய விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கண் இல்லையாயின் தோல் உண்டு என்று கண்டு, உடம்பையே சிலேட்டாக்கிய அந்தப் பெயரற்ற ஆசிரியரே அக்கதையின் உண்மையான கதாநாயகர். அற்புதம் என்று சொல்லிவிட்டால் ஆசிரியர் மறைந்துவிடுகிறார். ஆசிரியர் மறைந்தபின், அடுத்த பார்வையற்ற பிள்ளை அற்புதத்துக்காகக் காத்திருக்கவேண்டியதுதான்.

தெல்லிப்பழையை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. தெரிந்தெடுத்தல் என்ற காரியம் நவீன முறையில் இக்குடாநாட்டில் தொடங்கிய இடங்களுள் இது தலையாயது. 1816இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் இங்கு வந்து பாடசாலை நடத்தத் தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி தன் வேரை அங்கேதான் காண்கிறது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி திறக்கப்பட்டபொழுது அதன் தலைமையை ஏற்றவரும் அதே பூவர்தான். கிராமப் பள்ளிகளிலும் விடுதிப் பள்ளிகளிலும் பயின்ற பையன்களுள் கூர்மையானவர்கள் பொறுக்கியெடுக்கப்பட்டு அங்கே அனுப்பப்பட்டனர். வானசாஸ்திரமும் கணிதமும் ஆங்கிலமும் தமிழும் அவர்களுக்குப் புகட்டப்பட்டன. இக்காலத்துப் பரிபாஷையில், நம் நாட்டின் முதலாவது மீத்திறன் சேவை என்று அதனைச் சொல்லலாம். தெல்லிப்பழை மிஷன் பள்ளியில் பயின்று செமினரிக்குச் சென்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். செல்லரித்த ஏடுகளிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். அந்த அறுவடையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அத்திட்டம் யாருக்காக? கெட்டிக்காரப் பையனின் நலனுக்காக அன்று. அவனைத் தேடியவரின் தேவைக்காக. கல்வி கற்றவர்கள் சுவிசேஷம் பரப்புவதைவிட அரசாங்க உத்தியோகத்தையே நாடுகிறார்கள் என்று மிஷனின் மேலிடம் கண்டதும், 1855இல் செமினரி மூடப்பட்டது. மிஷனரி போனபின் அவர் இடத்துக்குத் திணைக்களமும் கச்சேரியும் வந்தன. பின்னர் பொறியியலும் மருத்துவமும் வந்தன. திறமை என்பது யாரோ ஒருவருக்கு வேண்டிய சரக்கு என்ற எண்ணம் மாத்திரம் மாறவில்லை.

பொறுக்கியெடுக்கப்படாதவர்கள் எங்கே இருந்தார்கள்? பலர் பள்ளிக்கே வரவில்லை. வந்தவர்களுட் சிலர் தரையில் இருந்தார்கள். நம் பாடசாலைகளில் முதன்முதல் ஏற்பட்ட 'விசேட ஏற்பாடு' தரைதான் என்று சொன்னால் ஆசிரிய நண்பர்கள் கோபிக்கலாகாது. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமரக்கூடாது என்பது ஊர்ச் சட்டமாக இருந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்றோர் சமத்துவத்தை வற்புறுத்தினர். உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்று 1929இல் கல்விப் பகுதி பணித்தது. அதையொட்டிய காலத்தில் குடாநாட்டில் சில பாடசாலைக் கட்டடங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு வாங்குக்காகப் பள்ளியையே கொளுத்திய சமுதாயம் நம்முடையது. அதே தெல்லிப்பழைப் பகுதியிலுள்ள மாவிட்டபுரத்தில், 1968இல் கோயிற் கதவுகள் மூடப்பட்டதையும் மறந்துவிடுவதற்கில்லை.

அத்தரையிலிருந்து எழுந்து போன திறமைகளை எந்தப் பெறுபேற்றுப் பட்டியலும் காட்டாது. ஒருவரை மாத்திரம் குறிப்பிடுகிறோம். ஆசிரியர் ஒருவரின் சாதி வசையைத் தாங்கமாட்டாமல் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு வெளியேறிய பையன், சவரக்கடையில் வேலை செய்துகொண்டே வாசித்தான், எழுதினான், சாகித்திய மண்டலப் பரிசு பெற்றான், 1966இல் ஓர் இலக்கிய மாசிகையைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினான். டொமினிக் ஜீவாவின் வாழ்க்கை நாம் அனைவரும் அறிந்த கதைதான். அதனை 'விடாமுயற்சியின் வெற்றி' என்று மேடைகளிற் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. இதுவும் அந்தகக்கவியின் கதையைப்போன்றதே. ஒருவர் தப்பிப் பிழைத்ததைக் கொண்டாடுகிறோம். அவரோடு வெளியேறிப் பிழைக்காதவர்களின் எண்ணிக்கையைக் கேட்பதில்லை.

இந்த அநீதியின் ஒரு பகுதியையேனும் துடைக்க எழுந்ததுதான் இலவசக் கல்வி. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் வெளியான 1943ஆம் ஆண்டின் அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமங்களை நோக்கிப் பரவிய மத்திய மகா வித்தியாலயங்களும் இந்நாட்டு ஏழைகள் ஈட்டிய மாபெரும் வெற்றிகள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் அந்த இயக்கத்தின் குழந்தை. வறிய குடும்பத்துக் கெட்டிக்காரப் பிள்ளை பணமின்மையால் பின்தங்கலாகாது. அதற்கு விடுதியும் உணவும் புத்தகமும் கொடுத்துப் படிக்கவைக்கவேண்டும். நோக்கம் அதுவே. அந்நோக்கத்துக்கு நாம் இன்றும் தலைவணங்குகிறோம்.

இன்று நிகழ்வதோ வேறு. இலங்கை முழுவதிலும் ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் இப்பரீட்சைக்கு அமர்கின்றனர். உதவிப்பணம் வறியவர்க்கு இன்னும் உண்டு. ஆனால் பரீட்சையின் மெய்யான கவர்ச்சி புகழ்பெற்ற நகரப் பாடசாலைகளின் வாயிலைத் திறக்கும் சாவி என்பதில் இருக்கிறது. ஏழைக்காக ஏற்றிய விளக்கு, டியூஷனுக்குப் பணங்கட்டக்கூடியவரின் முற்றத்தில் எரிகிறது. மூன்றாந்தரத்திலேயே மாதிரி வினாத்தாள்கள் தொடங்கிவிடுகின்றன. மாலையில் விளையாடவேண்டிய பிள்ளை, காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு, சனி ஞாயிறில் 'கருத்தரங்கு' என்று ஓடுகிறது. 2024இல் வினாக்கள் சில முன்னரே வெளிப்பட்டு, அந்த விவகாரம் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதுச் சிறுவரின் பரீட்சை ஒன்றுக்காக உயர் நீதிமன்றம் கூடவேண்டிய நிலை! இதைவிட ஒரு கூரிய விமர்சனத்தை நாம் எழுதிவிட முடியாது.

அளவுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிநுட்பத்தை அளக்கும் சோதனையை 1905இல் பாரிசில் வகுத்த அல்பிரட் பினே, அதனை முதலிடம் யார் கடையிடம் யார் என்று காண்பதற்காக வகுக்கவில்லை. சாதாரண வகுப்பில் துன்புறும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்காகவே பிரெஞ்சு அரசாங்கம் அவரை அணுகியது. பின்வாங்குக்காகச் செய்த கருவியை முன்வாங்குக்கு எடுத்துச்சென்றவர்கள் பின்வந்தவர்கள். அவர்களுள் தலைசிறந்த லூயிஸ் டேர்மன், 1921 முதல் கலிபோர்னியாவின் மீத்திறன் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து ஆயுள் முழுவதும் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அவருடைய சோதனையில் தேறாமல் கழித்துவிடப்பட்ட சிறுவர்களுள் இருவர், வில்லியம் சொக்லியும் லூயிஸ் அல்வரெசும், பின்னாளில் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றனர். சொக்லி பின்னர் இனவெறிக் கொள்கைகளைப் பரப்பினார் என்பது வேறு கதை. நோபெல் பரிசும் நற்குணத்தை அளக்கும் கோல் அன்று.

நமது மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தெல்லிப்பழையில் நிறுவிய மகாஜனாக் கல்லூரியில், அளவெட்டியிலிருந்து வந்து பயின்ற பையன்களுள் அ. செ. முருகானந்தனும் அ. ந. கந்தசாமியும் மகாகவி என்று பின்னர் அறியப்பட்ட உருத்திரமூர்த்தியும் அடங்குவர். ஈழத்து நவீன இலக்கியத்தின் மூன்று தூண்கள் ஒரே பள்ளியின் வாங்குகளிலிருந்து எழுந்தன. இவர்களைக் கவிஞரென்றும் கதாசிரியரென்றும் எந்தப் பரீட்சை கண்டுபிடித்தது? மகாகவி அரசாங்க எழுதுவினைஞராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். இவர்களின் திறமைக்கு நீர் வார்த்தவை வேறு: தானே கவிஞராக இருந்த ஸ்தாபகர் ஒருவரின் நினைவு உலவிய பள்ளி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துச் சண்டையிட்ட நட்பு, 1930 முதல் அருகிலுள்ள சுன்னாகத்திலிருந்து வெளிவந்து இளைஞர்க்கு இடங்கொடுத்த 'ஈழகேசரி'. சூழல் இருந்தது, திறமை வெளிப்பட்டது. இதே சூழல் அக்காலத்தில் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்குமானால் தூண்கள் மூன்றோடு நின்றிருக்குமா?

இனிப் பின்வாங்குக்கு வருவோம். அதற்கும் பின்னால், வகுப்பறைக்கே வராதவர்களிடம் வருவோம்.

செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்குமாக இந்நாட்டில் 1912இல் கொழும்பை அடுத்து முதற் பாடசாலையை அமைத்தவர்கள் ஆங்கிலத் திருச்சபையினர். வடபுலத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, 1950களின் நடுவிலேதான் கைதடியில் நவீல்ட் பாடசாலை கிடைத்தது. அதுவும் திருச்சபையின் முயற்சியே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகக் கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை எழுந்தது. அது சைவத் தொண்டர்களின் முயற்சி. கிறிஸ்தவராயினும் சைவராயினும் இத்தொண்டர்கள் செய்த பணியை நாம் வணங்குகிறோம். கைவிடப்பட்ட பிள்ளையைக் கையேந்திக்கொண்டவரிடம் கொள்கைச் சண்டை பிடிப்பது பண்பன்று. நமது கேள்வி அவர்களை நோக்கியதன்று. நூறாண்டுக்கு மேலாக இப்பிள்ளைகளின் கல்வி, யாரோ சிலரின் இரக்கத்தில் ஏன் தங்கியிருக்கவேண்டும்?

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் நம்மையும் கூண்டில் ஏற்றவேண்டும். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் சுவீகரித்தபொழுது, இடதுசாரிகளும் ஆசிரியர் சங்கத்தினர் பலரும் அதனை வரவேற்றனர். கல்வி மதநிறுவனங்களின் தனிச்சொத்தாக இருக்கலாகாது, அது மக்களின் உரிமை என்றோம். அக்கொள்கையில் இன்றும் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பார்வையற்ற, செவிகேளாத பிள்ளைகளின் பள்ளிகள், அரசாங்கம் ஆசிரியர் சம்பளத்தைக் கொடுக்கும் 'உதவிபெறும் விசேட பாடசாலை'களாகத் தருமஸ்தாபனங்களின் கையிலேயே விடப்பட்டன. எல்லோருடைய கல்வியும் உரிமையாகிய அந்நாளில், இவர்களின் கல்வி மாத்திரம் தருமமாகவே நின்றது. இதைச் சுட்டிக்காட்டி அன்று யார் கூட்டம் போட்டார்கள்? யார் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார்கள்? தொழிலாளியின் பிள்ளைக்காகப் பேசிய நமது நாவு, தொழிலாளியின் செவிகேளாத பிள்ளையிடம் வந்ததும் ஊமையாகிவிட்டது.

இதன் பின்னரும் சட்டங்கள் வரவே செய்தன. 1960களின் இறுதியிலிருந்து, சாதாரண பாடசாலைகளிலேயே இப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் முயற்சி தொடங்கியது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஐந்து வயது முதல் பதினான்கு வரை என்று 1990களின் இறுதியில் கட்டாயமாக்கப்பட்ட கல்வி, 2016இல் பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. பெயர்களும் மாறின: குருடர், செவிடர் என்பது அங்கவீனர் என்றாகி, வலது குறைந்தோர் என்றாகி, மாற்றுத்திறனாளி என்றும் விசேட தேவையுடையோர் என்றும் ஆகியிருக்கிறது. இழிவு தொனிக்கும் பெயர் நீங்குவது நன்றே. பெயர் மாற்றத்துக்கு அரசாங்கத்துக்குச் செலவில்லை என்பதையும் கூடவே நினைவில் வைப்போம். ஒரு விசேட கல்வி அலகுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரை நியமிக்கச் செலவுண்டு. மாடிப்படியருகே ஒரு சாய்தளம் கட்டச் செலவுண்டு. செவிப்புலக் கருவிக்கு மின்கலம் வாங்கச் செலவுண்டு. அலகு இருக்கும் பள்ளிகளிலும் அது பெரும்பாலும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: மைதானத்தின் கோடியில், பழைய களஞ்சிய அறைக்குப் பக்கத்தில். வகுப்பறையின் பின்வாங்கு பாடசாலை வளவின் பின்வாங்காக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

யுத்தத்தைப் பேசாமல் தெல்லிப்பழையைப் பேசமுடியாது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வேரோடு பெயர்க்கப்பட்டனர். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. பள்ளிகளும் பெயர்ப்பலகைகளைத் தூக்கிக்கொண்டு அகதிகளாயின. 2009க்குப் பின்னர் நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோதிலும், நலன்புரி முகாமிலேயே பிறந்து முகாமிலேயே பள்ளி வயதைக் கடந்த ஒரு தலைமுறை உண்டு. ஷெல்வீச்சிலும் கண்ணிவெடியிலும் அங்கம் இழந்த பிள்ளைகள் உண்டு. உறவை இழந்து பேச்சடங்கிய பிள்ளைகள் உண்டு. நான்கு முறை இடம்பெயர்ந்து நான்கு பள்ளிகளில் ஒரே பாடத்தின் முதற்பக்கத்தைப் படித்த பிள்ளைகள் உண்டு. இவர்களை 'மெல்லக் கற்போர்' என்ற அறையில் போட்டுப் பூட்டுவது கொடிய பொய். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி, 1920களில், உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் சிதைத்த தம் நாட்டுப் பிள்ளைகளிடையே பணியாற்றியவர். உடலின் குறை ஒன்று, அக்குறையைச் சூழச் சமுதாயம் எழுப்பும் தடை வேறொன்று என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். பிள்ளையின் வளர்ச்சியை முடக்குவதில் இரண்டாவதே வலியது என்பது அவர் கண்ட முடிவு. முப்பத்தெட்டு வயதுகூட நிரம்பாமல் அவர் 1934இல் மறைந்தார். ஈராண்டின் பின் அவருடைய நாட்டிலேயே அவர் எழுத்துக்கள் ஒதுக்கப்பட்டன என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

நம் எழுத்தாளரிடமும் ஒரு குறையுண்டு. ஈழத்து முற்போக்கு இலக்கியம் சாதிக் கொடுமைக்குள்ளான மாணவனைச் சித்திரித்தது. சீதனத்தால் முதிர்கன்னியானவளைச் சித்திரித்தது. பேச்சு வராத பிள்ளையோ, புத்தி மந்தமென்று ஒதுக்கப்பட்ட பிள்ளையோ நம் சிறுகதைகளில் வரும்பொழுதெல்லாம் பெரும்பாலும் ஒரு குறியீடாகவே வருகிறது: தாயின் தியாகத்தைக் காட்ட, குடும்பத்தின் சாபத்தைக் காட்ட, அல்லது கடைசிப் பந்தியில் வாசகரின் கண்ணீரைப் பிழிய. அப்பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, என்ன படிக்கிறது, எதைக் கண்டு சிரிக்கிறது என்பதைச் சொன்ன கதைகள் அரிது. நம்முள் ஆசிரியத் தொழில் செய்யும் எழுத்தாளர் எத்தனை பேர்! ஒவ்வொரு நாளும் எதிரே இருக்கும் முகம் கதையில் மாத்திரம் ஏன் மறைந்துவிடுகிறது?

இவ்வளவு எழுதிய நாம், நமது வகுப்பறையிலிருந்து ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். ஐந்தாந்தரத்துக்குக் கற்பித்த ஓராண்டில் பின்வாங்கில் ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்தெழுதினால் பாதிக்கு மேல் பிழை. முந்திய ஆண்டின் ஆசிரியர் அவனை 'மொக்கு' என்று நம்மிடம் ஒப்படைத்தார். நாமும் அப்படியே ஏற்றுக்கொண்டோம். இரண்டு முறை அடித்தும் இருக்கிறோம். ஒருநாள் இடைவேளையில், கடலை சுற்றிவந்த பத்திரிகைத் துண்டை அவன் மூக்கில் முட்டும்படி பிடித்துக்கொண்டு, தங்குதடையில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தான். துடுப்பாட்டச் செய்தி. நாம் பின்னால் நின்றதை அவன் காணவில்லை. அன்று பின்னேரமே தாயாரை அழைத்துச் சொன்னோம். கண்ணைச் சோதித்தபொழுது தூரத்துப் பார்வை மிகக் குறைவென்று தெரிந்தது. ஐந்து ஆண்டுகளாக அவன் கரும்பலகையைப் பார்த்ததேயில்லை. கரும்பலகை இருக்கும் திசையைத்தான் பார்த்திருக்கிறான்.

கண்ணாடி செய்வித்து வரும்வரை அவனை முன்வாங்கில் இருத்தினோம். முன்வாங்கில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஒருவனை எழுப்பிப் பின்னுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. மறுநாட் காலை, பிரார்த்தனை முடியுமுன்னரே, எழுப்பப்பட்ட பையனின் தகப்பனார் வாசலில் வந்து நின்றார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை.

"சேர், குறை நினையாதேங்கோ. மற்றப் பிள்ளை பாவந்தான். ஆனால் எங்கடை பிள்ளை இந்த முறை ஸ்கொலசிப் எடுக்கிற பிள்ளை. இப்ப போய்ப் பின்வாங்கிலை விட்டால் எப்பிடி?"

அம்மனிதருக்கு அன்று சொல்லவேண்டிய மறுமொழியைத்தான் இக்கட்டுரை முழுவதிலும் தேடியிருக்கிறோம். அன்று நமக்கு அது வாயில் வரவில்லை. "ஒரு மாதத்துக்கு மாத்திரம், ஐயா," என்றோம். அவர் அரைமனத்தோடு தலையசைத்துவிட்டுப் போனார். மணி அடித்தது, நாம் வகுப்புக்குள் சென்று, முன்வாங்கில் இருந்த இரண்டு பையன்களைச் சற்று நெருங்கியிருக்கச் சொல்லி, ஆறாவது ஆளுக்கும் இடம் உண்டாகுமா என்று பார்த்தோம்.